லாரி எங்கயும் ஓடிப் போவாது

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து நம் ஆபீசின் மேற்கு ஜன்னலில் நின்று பாருங்கள். வெயில் புகை மாதிரி எழும்பிக்கொண்டிருக்கும். சங்ககிரி மலை தரையில் ஊன்றாமல் கொஞ்சம் மேலே மிதக்கும். கீழே டயர் கடையிலிருந்து ரப்பர் வேகும் வாசம் வரும். அந்த நேரத்தில் யாருக்கும் வேலை ஓடாது. ஓடவில்லையே என்று பயப்படாதீர்கள். ஒன்பது வருசம் அந்த ஜன்னலில் நானும் நின்றிருக்கிறேன். எனக்கு வந்த நல்ல யோசனை எல்லாம் அங்கே சும்மா நின்றபோது வந்ததுதான்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் நம் முதலாளி, நான் தம்பி என்று கூப்பிடுகிறவர். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போய்விடும். போகட்டும். கம்ப்யூட்டரில் என்ன எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஆப் வாயைத் திறந்தால் வருகிற குரல் என்னுடையது. இந்தக் கம்பெனியில் அதைவிடப் பழைய சாமான் எதுவும் இல்லை.

நான் வந்து சேர்ந்தது கூட்டிப் பெருக்கவும் டீ வைக்கவும். அப்போது லாரி டிரைவர்களுக்கு ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். எழுத்துப் படிக்க வேண்டாம், போனே பேசும். நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் ஓய்வெடுக்கச் சொல்லும். அதற்கு ஒரு குரலைச் சென்னையில் பேசி வாங்கி வைத்திருந்தார்கள். நான் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது அது சொன்னது: "அன்புள்ள ஓட்டுநரே, தாங்கள் நான்கு மணி நேரம் வாகனம் இயக்கியுள்ளீர்கள். தயவுசெய்து ஓய்வெடுக்கவும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முப்பது வருசம் லாரி ஓட்டியவர். இந்த மாதிரி ஒரு அம்மா சொன்னால் அவர் இன்னும் ஒரு அழுத்து அழுத்தித்தான் ஓட்டுவார்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். எருமப்பட்டிப் பக்கம், கோழிப்பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. நம் ஆப்பை முதலில் எழுதியவள் அவள்தான். நான் அவளை அம்மணி என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க?"

"பரீச்ச நடத்தற டீச்சரம்மா மாதிரி இருக்குது அம்மணி. இதுக்கு எவன் வண்டிய நிறுத்துவான்?"

"நீங்களா இருந்தா எப்படிச் சொல்வீங்க?"

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னேன். "நாலு மணி நேரம் ஆச்சு சாமி. ஓரங்கட்டு. மூஞ்சி கழுவு. லாரி எங்கயும் ஓடிப் போவாது."

அறையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அன்றைக்கே பின்கட்டில் இருந்த சாமான் அறையைக் காலி செய்தார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அம்மணி அவள் வீட்டுப் பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நாலு சுவரிலும் கூரையிலும் ஒட்டினாள். இன்றைக்கும் நீங்கள் ரெக்கார்டிங் ரூம் என்று சொல்வது அதைத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். முட்டைக்குள் குஞ்சு இப்படித்தான் இருக்குமோ என்று நினைப்பேன். அங்கே உட்கார்ந்து, பார்க்காத ஊரில், பார்க்காத பிள்ளைகளுக்கு, "தண்ணி குடிச்சியா சாமி" என்று கேட்பேன்.

வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "முப்பது வருசம் நேர்ல சொன்னே, நாங் கேக்கல. இப்ப ஊரே கேக்குது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தேடினார்.

அம்மணி செய்த ஒரு பிசகைச் சொல்ல வேண்டும். அவளே இதை எல்லாரிடமும் சொல்வாள், அதனால் நான் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆப்பில் 'இன்னொருக்கா சொல்லு' என்று ஒரு பட்டன் இருக்கிறது அல்லவா? ஒரு டிரைவர் அதை ஒரே இடத்தில் நின்றுகொண்டு நாற்பது தடவை அமுக்கியிருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. மறுநாளும் அப்படியே. பட்டன் ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, ஒரு தடவைக்கு மேல் பேசாதபடி அம்மணி அதைத் திருத்திவிட்டாள். மூன்றாம் நாள் நாக்பூரிலிருந்து அம்மணிக்குப் போன் வந்தது.

"ஏனுங், அந்தம்மாவுக்கு என்ன கோவம்? ஒருக்கா சொல்லிட்டு மொகத்தத் திருப்பிக்குது."

"நீங்களா அண்ணா நாப்பது தடவ அமுக்குனது? எதுக்குங்க?"

"பத்து நாளா நம்ம பேச்சு ஒருத்தரும் பேசலீங். லோடு எறங்கல, படுத்துக் கெடக்கறேன். சும்மா கேட்டுட்டு இருந்தேன்."

அம்மணி போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் பிசகு மாதிரித் தெரிகிறதெல்லாம் பிசகு இல்லை என்று அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டாள். என் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று நான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு சங்ககிரியில் பஸ்சுக்கு நிற்கும்போது வடக்கே போகிற ஒவ்வொரு லாரியையும் பார்ப்பேன். நான் திருப்பதி தாண்டிப் போனதில்லை. என் குரல் போய்க்கொண்டிருந்தது. அது எந்த ஆற்றுப் பாலத்தில் இருக்கும், அங்கே மழையா வெயிலா என்று யோசித்து இரண்டு பஸ்சை விட்டுவிடுவேன்.

இப்போது காசு பற்றி. கூச்சப்படாமல் சொல்கிறேன். குரல் கொடுத்து ஏழெட்டு மாதம் வரை எனக்கு டீ வைக்கிற சம்பளம்தான். ஒரு நாள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கப் போயிருந்தேன். மூட்டை தூக்குகிற ஒருவர் சட்டைப் பையிலிருந்து என் குரல் வந்தது. "டீ ஆச்சு, எந்திரிங்க எல்லாரும்." நான் ஆபீசில் டீக்குக் கூப்பிடுவதை நம் பையன்கள் விளையாட்டாகப் பதிந்து வைத்தது, கைமாறிக் கைமாறி அவர் போனில் ரிங்டோனாகிவிட்டது. அவர் போனை எடுக்காமல் மூட்டையை இறக்கினார். அது திரும்பத் திரும்ப என்னைப் போலவே கூப்பிட்டது. நான் மிளகாய்ப் பையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறேன், என் குரல் பேசிக்கொண்டிருக்கிறது. வெய்யிலில் எனக்கு ஒரு மாதிரி கிறுகிறுத்தது.

மறுநாள் முதலாளித் தம்பி முன்னால் போய் உட்கார்ந்தேன். அதுவரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

"தம்பி, குரல் குடுக்கறதுக்குத் தனியாச் சம்பளம் வேணும். அம்மணிக்குக் குடுக்கறதுல பாதி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"சரிங்கம்மா. வேற?"

"எங் குரல்ல புதுசா ஒரு வரி வரணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வரணும். பேப்பர்ல எழுதுங்க."

அம்மணிதான் டைப் அடித்தாள். மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். நான் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை. அந்த 'புதுசா ஒரு வரி' என்பது ரிங்டோன் கோபத்தில் கேட்டது. பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது.

மூன்று வருசத்துக்கு முன்னால், நம் ஆப்பை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு லாரிக் கம்பெனிகள் விலகி, எல்லாருக்கும் சம்பளம் பாதிப் பாதியாக வந்துகொண்டிருந்த சமயம். அம்மணிக்குப் பெங்களூரில் பெரிய வேலை வந்திருந்தது. இங்கே வாங்குவதைப் போல நாலு பங்கு. அவள் அப்பா பண்ணையில் நோய் விழுந்து கோழி முழுக்கப் போய்விட்டது. தங்கச்சி காலேஜில் இருந்தாள். சனிக்கிழமைக்குள் பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் வெளியூரிலிருந்து ஒரு பெரிய லாரிக் கம்பெனிக்காரர் வந்தார். நம்மூர் லாரி எல்லாம் சேர்த்தாலும் அவர்களுடையதில் பாதி வராது. அவர்கள் கையெழுத்துப் போட்டால் நம் கம்பெனி பிழைத்தது. அம்மணிக்கும் இங்கேயே பெங்களூர்ச் சம்பளம் என்று தம்பி வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கும் ஒரு தொகை சொன்னார்கள். எங்கள் வீட்டின் ஓட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடாக, மாடி வைத்துக் கட்டிவிடலாம்.

வந்தவர் மரியாதையான மனுசர். என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார்.

"உங்க குரலுக்காகத்தாம்மா வந்ததே. ஒரே ஒரு வரி மட்டும் மாத்தணும். நாலு மணி நேரத்துல ஓரங்கட்டுன்னு சொல்றீங்க இல்லையா, அதுக்குப் பதிலா 'இன்னும் கொஞ்ச தூரந்தான் சாமி'ன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா ஓட்டுவாங்க."

நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அது பொய். "நீங்க சொன்னா ஓட்டுவாங்க" என்றது எனக்குப் பெருமையாகவே இருந்தது. மெத்தை வீடு கண்ணுக்குள் வந்து நின்றது. "ஊட்டுல கேட்டுட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். விசயத்தைச் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"நாலு மணி நேரம் ஓட்டுனவனுக்குத் தூக்கம் ஒண்ணும் பெரிசில்ல புள்ள. நிறுத்தலாமா, போலாமான்னு ஒரு நெனப்பு வரும். ஒரு நிமிசந்தான் இருக்கும் அது. அந்த நிமிசத்துல கிளீனர் என்ன சொல்றானோ அதுதான் நடக்கும். நான் அப்படித்தான் ஓட்டுனேன், அப்படித்தான் நிறுத்துனேன்."

"இப்பக் கிளீனரே வர்றதில்லியே."

"அதான் உன்னையக் கூட்டிட்டுப் போறானுக."

அவ்வளவுதான் பேசினோம். அவர் மெத்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் தம்பியிடம் அந்த வரி மட்டும் முடியாது என்றேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லலீன்னா வேற ஆளு சொல்லுவாங்கம்மா. லாரி என்ன நின்னுரவா போவுது?"

"நிக்காது தம்பி. அது வேற ஆளு குரல்."

"இது வெறும் வீம்புங்கம்மா."

வீம்புதான். இல்லை என்று நான் வாதாடவில்லை.

ஆனால் காலம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர் போனில் சொன்னாராம்: "அவங்க வந்து பேசவே வேண்டாம். இருக்கிற ரெக்கார்டிங்கை மெஷின்ல போடுங்க, அதுவே பேசும்." தம்பி அந்த வேலையை அம்மணியிடம் கொடுத்தார். அவளுக்கு அது அரை நாள் வேலை.

மூன்று மணி இருக்கும். நான் மேற்கு ஜன்னலில் நின்றிருந்தேன். மலை மிதந்துகொண்டிருந்தது. அம்மணி வந்து ஹெட்போனை என் காதில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் சாமி."

நான்தான் சொன்னேன். என் இழுப்பு, என் மூச்சு. சாமி என்று முடிக்கும்போது தொண்டை கொஞ்சம் இறங்குமே, அதுகூட இருந்தது. எப்போது சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு கணம் சொல்லியிருப்பேன் என்றே தோன்றிவிட்டது. மலையைப் பார்த்தேன், ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். எத்தனை இதமான குரல் அது. நானே ஸ்டியரிங்கில் இருந்தால் ஓட்டிக்கொண்டே போயிருப்பேன்.

"நல்லா வந்திருக்குது அம்மணி."

"அதாங்க எனக்குப் பயமா இருக்குது." அவள் இன்னொரு கையில் ஒரு பழைய ஃபைல் வைத்திருந்தாள். "உங்க குரல மெஷின்ல ஏத்தும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. இது நான் டைப் அடிச்ச பேப்பருங்க. உங்களைக் கேக்காம ஒரு வரி சேக்கக் கூடாது."

"நாளைக்குச் சனிக்கெழம."

"ஆமாங்க."

"இதைக் காட்டுனா உனக்கு இங்க வேல இல்ல."

"தெரியுமுங்க."

அவள் முகத்தில் வீரம் எதுவும் இல்லை. பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி சோர்ந்து இருந்தாள். அந்தப் பேப்பரை எடுக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை, எனக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டு பேரும் தம்பி அறைக்குப் போனோம். அவர் பேப்பரைப் படித்தார். பிறகு இன்னொரு தரம் படித்தார்.

"இப்பக் கேக்கறனுங்கம்மா. சம்மதிக்கிறீங்களா? தொகை எச்சாவே வாங்கித் தாரேன்."

"கண்ண மூடிட்டு ஒரு பத்துத் தடவ இதைக் கேளுங்க தம்பி. பொறவு நீங்க சொன்னபடி கையெழுத்துப் போடறேன்."

அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். அம்மணி 'இன்னொருக்கா சொல்லு' பட்டனை அமுக்கினாள். வெளியே எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தோம். முதல் தடவை லேசாகச் சிரித்தார். இரண்டாவது தடவை சிரிப்பு நின்றது. மூன்றாவதில் கழற்றி மேசையில் வைத்தார். பத்துத் தடவை கேட்கவே இல்லை. அவர் அப்பாவும் ராத்திரி பகலாக லாரி ஓட்டியவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போனை எடுத்து, "அந்த ஒரு வரி மட்டும் நம்மால ஆவாதுங்க. மத்ததெல்லாம் பேசலாம்" என்றார். எதிர்ப்பக்கம் மற்றதைப் பேச விரும்பவில்லை.

பதினோரு பேர் இருந்த இடம் ஆறு பேரானது. நாமக்கல் முட்டை லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி என்று சின்னச் சின்ன ஆட்களை வைத்துத்தான் மெல்ல எழுந்தோம். அந்தப் பெரிய கம்பெனி வேறு யார் குரலையோ வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி. அந்த லாரிகள் எங்கே நிற்கின்றன, எங்கே நிற்பதில்லை என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீடு இன்னும் ஓட்டு வீடுதான். மழை பெய்தால் இரண்டு இடத்தில் பாத்திரம் வைக்கிறோம்.

அம்மணி பெங்களூருக்குப் போனாள். அதை யாராவது உங்களிடம் குறையாகச் சொன்னால் நம்பாதீர்கள். பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காசுக்குத்தாங்க போறேன். தப்புங்களா?"

"தங்கச்சி பீசு கட்டறது தப்பா? போ. போற எடத்துல நீயும் ஒரு வரி எழுதி வாங்கிக்க. எதைச் செய்ய மாட்டேன்னு."

சிரித்தாள். ஆனால் போய்ச் சேர்ந்ததும் உண்மையிலேயே கேட்டிருக்கிறாள். ஒரு மாதம் கழித்துப் போனில் சொன்னாள்.

"எழுதிக் குடுக்கலீங்க. வேல என்னன்னா, பட்டனை எங்க வெச்சா ஆளுக எச்சா அமுக்குவாங்கன்னு பாக்கறது."

"அமுக்குனா என்ன ஆவும்?"

"அதத்தான் நானும் கேக்கறனுங்க. கூட்டத்துல எல்லாரும் பேசி முடிச்சப்பொறவு, 'அமுக்குனா அவுங்களுக்கு என்ன ஆவும்'னு. மொதல்ல சிரிச்சாங்க. இப்ப நான் கேக்கலீன்னா, 'இன்னிக்கு நீ கேக்கலியா'ங்கறாங்க."

தங்கச்சி படிப்பை முடித்துவிட்டாள். அப்பா பண்ணையில் மறுபடி குஞ்சு இறக்கியிருக்கிறார். அம்மணி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் சம்பளம் கேட்டுச் சண்டை போட்டிருக்காவிட்டால் அந்தப் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லாவிட்டால் என் வீம்பு அரை நாளில் காணாமல் போயிருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்கள் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

போன மாதம் பைபாசில் பஸ்சுக்கு நின்றேன். உச்சி வெயில். தார் ரோடு தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு லாரி அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெதுவாக வந்து, எனக்கு நாலடி தள்ளி ஓரங்கட்டி நின்றது. இஞ்சின் அடங்கியது. திறந்த கதவு வழியாக என் குரல் வந்தது.

"மூஞ்சி கழுவு. லாரி எங்கயும் ஓடிப் போவாது."

"சரி, சரி" என்றார் டிரைவர். நாற்பது வயசிருக்கும், கண் சிவந்திருந்தது. இறங்கிக் கேனிலிருந்து தண்ணீர் சாய்த்து முகத்தில் அடித்துக்கொண்டார். துண்டால் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இங்க டீ எங்க கெடைக்கும்?"

வாய் வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருசமாக அந்த ஒரு நொடிக்குத்தான் நான் ஏங்கியிருந்தேன் போல. ஆனால் இத்தனை காலம் அவரோடு லாரியில் போய்வந்த அம்மா அவர் மனசில் யாரோ, எப்படி இருப்பாளோ. அந்த இடத்தில் பஸ்சுக்கு நிற்கிற என்னைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கையை நீட்டிக் கடையைக் காட்டினேன்.

அவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். எங்கள் ஊர் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவர் தூங்கி எழுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.